ஒரே கட்டளையில் வ்யூவும் ஸ்பிரிங் பூட்டும்: ஃப்ரன்ட்எண்ட் மேவன் பிளகினை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

சர்வர் பக்கம் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட், உலாவிப் பக்கம் திரைகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பான வ்யூ. பல குழுக்களில் இரண்டும் ஒரே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன; பில்ட் (நிரலை ஓடக்கூடிய வடிவில் கட்டுவது) மட்டும் இரண்டு வேலையாக நடக்கிறது. ஒருவர் முன்பக்கக் கோப்புறைக்குள் போய், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிர்வகிக்கும் என்பிஎம்மின் கட்டளையை ஓட்டுவார், வெளிவந்த கோப்புகளை ஸ்டாட்டிக் கோப்புறைக்கு நகலெடுப்பார், பிறகு ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனை ஓட்டுவார். நகலெடுக்க மறந்த நாளில் புதிய சர்வரோடு பழைய திரை வெளியாகும். யாருடைய கணினியில் நோட்டின் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவும் மாறும்.

இந்த வழிகாட்டியின் இலக்கு ஒன்றுதான். களஞ்சியத்தைப் புதிதாக இறக்கிய கணினியில் ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்பு) மட்டும் இருந்தால் போதும். மேவனைத் தானே இறக்கி ஓட்டும் சிறு ஸ்கிரிப்டான மேவன் ராப்பரை ஒருமுறை ஓட்டினால், திரையும் சர்வரும் சேர்ந்த, அப்படியே ஓடக்கூடிய ஒரு ஜார் (ஜாவாவின் தொகுப்புக் கோப்பு) கிடைக்க வேண்டும். நோட் நிறுவியிருக்கிறதா என்ற கேள்வியே எழக்கூடாது. இதற்கு உதவுவது ஃப்ரன்ட்எண்ட் மேவன் பிளகின். அது நோட்டையும் என்பிஎம்மையும் தானே இறக்கி, திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மேவனின் வரிசைக்குள் ஓட்டுகிறது.

வ்யூவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ரியாக்ட் என்றாலும் வீட் (Vite) என்ற முன்பக்கப் பில்ட் கருவி வழியாகக் கட்டுகிறீர்கள் என்றால் ஏறக்குறைய எதுவும் மாறாது. ஆங்குலருக்கான வேறுபாட்டை அதன் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு மாட்யூல்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் மேவனின் அமைப்புகளை எழுதும் போம்.எக்ஸ்எம்எல் என்ற ஒரே கோப்புக்குள் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்கின்றன. முன்பக்கத்தைக் கட்டு, டிஸ்ட் கோப்புறையை ரிசோர்சஸ் பிளகினால் ஸ்டாட்டிக்குக்கு நகலெடு, பிறகு ஜாராக்கு. இது வேலை செய்யும். ஆனால் சர்வரில் ஒரு சின்னச் சோதனையை ஓட்டினாலும் முன்பக்கம் முழுவதும் மறுபடி கட்டப்படும். சிலர் அதைவிட மோசமாக, வீட் தரும் கோப்புகளை நேரே எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்/ஸ்டாட்டிக் கோப்புறையில் எழுத வைக்கிறார்கள். உருவாக்கப்பட்ட கோப்புகள் மூலக் கோப்புகளோடு கலந்துவிடும். ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எழுத்துக்கோவை) ஒட்டிய பெயர்களில் பழைய கோப்புகள் அங்கே குவியும். கிட்டில் யாரோ ஒருநாள் அவற்றைக் கமிட்டும் செய்துவிடுவார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது இரண்டு மாட்யூல்கள் (தனித்தனி போம் கொண்ட துணைத் திட்டங்கள்): யூஐ, சர்வர். மேலே ஒரு தாய் போம். யூஐ மாட்யூலின் பேக்கேஜிங் சாதாரண ஜார்தான். அதில் ஜாவா கோப்பு ஒன்றுகூட இருக்காது. மேவன் அதைப் பற்றிக் கவலைப்படாது. பேக்கேஜ்.ஜேசன், வீட் கான்ஃபிக் கோப்பு, வ்யூ மூலக் கோப்புகள் எல்லாம் இந்த மாட்யூலின் வேரிலேயே இருக்கட்டும்.

இந்த ஏற்பாட்டைச் சாத்தியமாக்குவது, ஜாவா இணையச் செயலிகளுக்கான தரமாகிய சர்வ்லெட்டில் 3.0 காலத்திலிருந்தே உள்ள ஒரு விதி. ஒரு ஜாருக்குள் மெட்டா-இன்ஃப்/ரிசோர்சஸ் என்ற கோப்புறை இருந்தால், அதில் உள்ளவற்றை இணையக் கோப்புகளாக வழங்கலாம். ஸ்பிரிங் பூட்டும் ஸ்டாட்டிக், பப்ளிக், ரிசோர்சஸ் ஆகியவற்றோடு இந்த இடத்தையும் இயல்பாகவே தேடுகிறது, முகப்பான இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லையும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே யூஐ ஜாரைச் சர்வர் சார்புநிலையாகச் சேர்த்தால் போதும், நகலெடுக்கும் வேலையே கிடையாது.

வீட் பக்கம் செய்ய வேண்டியவை

வ்யூவின் ஒற்றைக் கோப்புக் கூறுகளை உலாவி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. டெம்ப்ளேட், ஸ்கிரிப்ட், ஸ்டைல் மூன்றையும் பிரித்துக் கம்பைல் செய்வது வீட்டுக்கான வ்யூ பிளகின். வீட் கான்ஃபிக் கோப்பின் பிளகின்ஸ் பட்டியலில் வ்யூ என்ற ஃபங்ஷன் அழைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் .வ்யூ கோப்பிலேயே பாகுபடுத்தும் பிழை வரும். அதிகாரபூர்வமான உருவாக்கக் கட்டளையில் தொடங்கிய திட்டம் என்றால் அது ஏற்கெனவே இருக்கும்.

அடுத்து, அதே கோப்பில் பில்ட் பகுதியில் அவுட்டிர் மதிப்பை மாற்ற வேண்டும். இயல்பு மதிப்பு டிஸ்ட். அதற்குப் பதில் டார்கெட்/கிளாசஸ்/மெட்டா-இன்ஃப்/ரிசோர்சஸ் என்று எழுதுங்கள். இரண்டு நன்மைகள் உண்டு. மேவன் கிளீன் கட்டளை டார்கெட்டை அழிக்கும்போது இவையும் சேர்ந்தே அழியும். மேலும், இந்த இடம் வீட் திட்டத்தின் வேருக்குள் இருப்பதால், ஒவ்வொரு பில்டுக்கு முன்பும் வீட் தானாகவே அதைக் காலி செய்யும். வேருக்கு வெளியே எழுதச் சொன்னால் வீட் எச்சரிக்கை தந்துவிட்டு, பழைய கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடும். யூஐ மாட்யூலின் வேரிலேயே பேக்கேஜ்.ஜேசன் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

ஆங்குலரில் 17-ஆம் பதிப்பு முதல் புதிய பில்டர் வெளியீட்டுக் கோப்புறைக்குள் பிரவுசர் என்று இன்னொரு கோப்புறையை உருவாக்குகிறது. ஆங்குலர்.ஜேசனில் அவுட்புட்பாத் என்பதைப் பேஸ், பிரவுசர் என்று பிரித்து எழுதி, பிரவுசர் மதிப்பை வெற்றாக விட்டால் அது நீங்கும்.

டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட் வகைகளைச் சரிபார்ப்பதில்லை. வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டுப் போய்விடுகிறது. வகைப் பிழை நிறைந்த நிரல்கூடப் பச்சை விளக்கோடு கட்டி முடிக்கப்படும். பேக்கேஜ்.ஜேசனில் உள்ள பில்ட் ஸ்கிரிப்ட், வகைகளைச் சரிபார்க்கும் வ்யூ-டிஎஸ்சியையும் சேர்த்து ஓட்டுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி, ஃபேவிகான் போன்ற மாறாத கோப்புகள் பப்ளிக் கோப்புறையில் இருக்கட்டும். வீட் அவற்றை அப்படியே வெளியீட்டின் வேருக்கு அனுப்பும்.

மேவன் பிளகினை எழுதுதல்

யூஐ மாட்யூலின் போம்.எக்ஸ்எம்எல் கோப்பில், பில்ட் பகுதிக்குள் பிளகின்ஸ் என்ற இடத்தில் இது வர வேண்டும். உள்ளடக்கத்தைச் சுருக்கி வரிசைப்படுத்தினால் இப்படி இருக்கும் (கோல் என்பது பிளகின் செய்யும் ஒரு வேலை, எக்ஸிக்யூஷன் அதை ஓட்டச் சொல்லும் ஒரு பதிவு, ஃபேஸ் அது ஓடும் கட்டம்):

குரூப்ஐடி: காம்.கிட்ஹப்.ஐர்ஸ்லெட்
ஆர்ட்டிஃபாக்ட்ஐடி: ஃப்ரன்ட்எண்ட்-மேவன்-பிளகின்
வெர்ஷன்: 1.15.0
கான்ஃபிகரேஷன்: நோட்வெர்ஷன் = வி22.12.0
எக்ஸிக்யூஷன் "நோட்": கோல் இன்ஸ்டால்-நோட்-அண்ட்-என்பிஎம்
எக்ஸிக்யூஷன் "சார்புகள்": கோல் என்பிஎம், ஆர்க்யுமென்ட்ஸ் = சிஐ
எக்ஸிக்யூஷன் "பில்ட்": கோல் என்பிஎம், ஆர்க்யுமென்ட்ஸ் = ரன் பில்ட்
எக்ஸிக்யூஷன் "சோதனை": கோல் என்பிஎம், ஃபேஸ் = டெஸ்ட், ஆர்க்யுமென்ட்ஸ் = ரன் டெஸ்ட்:யூனிட்

வரிக்கு வரி பார்ப்போம். பிளகினின் பதிப்பை எழுதாமல் விட்டால் மேவன் எதை எடுக்கும் என்பது உங்கள் கையில் இராது; எப்போதும் எழுதுங்கள். நோட்வெர்ஷன் மதிப்பு "வி" என்ற எழுத்தோடு தொடங்க வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் பதிவிறக்க முகவரி தவறாகி, கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழையில் நிற்கும். எந்த நோட் என்பதை வீட்டின் பதிப்பே தீர்மானிக்கிறது: வீட் 7-க்கு 20.19 அல்லது 22.12, அல்லது அவற்றுக்கு மேற்பட்டது வேண்டும். என்பிஎம் பதிப்பைத் தனியாகக் குறிப்பிடத் தேவையில்லை. நோட்டோடு வரும் என்பிஎம் போதும்.

எக்ஸிக்யூஷன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐடி கட்டாயம். இரண்டில் ஐடியை விட்டுவிட்டால் இரண்டும் "டிஃபால்ட்" என்ற ஒரே பெயரைப் பெறும், போம் கோப்பையே மேவன் ஏற்காது.

இரண்டாவது எக்ஸிக்யூஷனில் "சிஐ" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஆர்க்யுமென்ட்ஸ் எதுவும் தராவிட்டால் பிளகின் "இன்ஸ்டால்" என்பதையே ஓட்டும். அது, சார்புகளின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திருத்தக்கூடிய கட்டளை. 2018-இல் என்பிஎம் 5.7 பதிப்போடு வந்த சிஐ அப்படியல்ல. சார்புகள் நிறுவப்படும் நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையை அழித்துவிட்டு, பேக்கேஜ்-லாக்.ஜேசனில் உள்ளதை உள்ளபடியே நிறுவும். பேக்கேஜ்.ஜேசனும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பில்ட் கணினியில் நமக்கு வேண்டியது இந்தக் கறார்தான். எனவே பேக்கேஜ்-லாக்.ஜேசனைக் கிட்டில் சேர்த்திருக்க வேண்டும். நோட், நோட்_மாட்யூல்ஸ், டார்கெட் ஆகிய மூன்றையும் கிட்இக்னோரில் போட்டுவிடுங்கள். முதலாவது, பிளகின் நோட்டை அவிழ்த்துவைக்கும் கோப்புறை. இறக்கிய சுருக்கக் கோப்பு, உங்கள் கணினியில் மேவன் வைத்திருக்கும் எம்2 களஞ்சியத்தில் தங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் இணையத்துக்குப் போகாது.

இந்தப் பிளகினைத் தாய் போமின் பில்ட் பகுதியில் எழுதிவிடாதீர்கள். அங்கே எழுதினால் எல்லா மாட்யூல்களிலும் ஓடப் பார்க்கும். சர்வர் மாட்யூலில் பேக்கேஜ்.ஜேசன் இல்லை என்று விழும். பதிப்பை மட்டும் தாய் போமில் வைக்க விரும்பினால் பிளகின்மேனேஜ்மென்ட் பகுதியில் வைக்கலாம்.

எந்தக் கட்டத்தில் எது ஓடுகிறது

ஆளை அதிகம் குழப்புவது இந்த இடம். முதல் மூன்று எக்ஸிக்யூஷன்களுக்கும் நாம் ஃபேஸ் எழுதவில்லை. இந்தக் கோல்களின் இயல்புக் கட்டம் ஜெனரேட்-ரிசோர்சஸ். மேவனின் வரிசையில் இது ப்ராசஸ்-ரிசோர்சஸ், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. மூன்றும் ஒரே கட்டத்தில் விழுவதால், போம் கோப்பில் எழுதிய வரிசையிலேயே ஓடும். இந்த ஒழுங்கு மேவன் 3.0.3 முதல் உறுதியானது. ஆகவே நோட், சார்புகள், பில்ட் என்ற வரிசையை மாற்றி எழுதினால் முதல் ஓட்டத்திலேயே உடையும். சில நேரம் உடையாது, அதுதான் ஆபத்து: முந்தைய ஓட்டத்தில் நிறுவிய நோட்_மாட்யூல்ஸ் அங்கேயே கிடந்தால் உங்கள் கணினியில் எல்லாம் நன்றாக ஓடும், புதிய கணினியில் மட்டும் நிற்கும். வரிசையைச் சரிபார்க்க, நோட், நோட்_மாட்யூல்ஸ் இரண்டையும் கையால் அழித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேவன் கிளீன் அவற்றைத் தொடாது.

சோதனைக்கு மட்டும் டெஸ்ட் கட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறோம். மேவனுக்கு ஸ்கிப்டெஸ்ட்ஸ் கொடியைத் தந்தால், டெஸ்ட் கட்டத்தில் உள்ள தன் வேலையையும் இந்தப் பிளகின் விட்டுவிடும். தனி ஏற்பாடு தேவையில்லை. ஆனால் பேக்கேஜ்.ஜேசனில் சோதனை ஸ்கிரிப்ட் "வைடெஸ்ட் ரன்" என்று இருக்கட்டும். வெறும் "வைடெஸ்ட்" என்பது கோப்பு மாற்றங்களுக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போகக்கூடும். பில்ட் முடியாமல் தொங்கும்.

முன்பக்கத்தைத் தொடாமல் சர்வரில் மட்டும் வேலை செய்யும் நேரத்தில், ஸ்கிப்.என்பிஎம், ஸ்கிப்.இன்ஸ்டால்நோட்என்பிஎம் என்ற இரண்டு பண்புகளையும் மேவன் கட்டளையில் தந்து பிளகினைத் தாண்டலாம்.

சர்வர் மாட்யூல்

சர்வரின் சார்புநிலைகளில் யூஐ மாட்யூலை ரன்டைம் ஸ்கோப்போடு சேருங்கள். அவ்வளவுதான். தாய் மாட்யூலில் இருந்து ஓட்டும்போது யூஐ முதலில், சர்வர் பிறகு என்ற வரிசையை மேவனே கண்டுகொள்ளும். சர்வரை மட்டும் பிஎல் கொடியோடு கட்டினால் எம்2 களஞ்சியத்தில் கிடக்கும் பழைய யூஐ ஜாரைத்தான் எடுக்கும், அல்லது இல்லையென்று நிற்கும். கூடவே ஏஎம் கொடியையும் சேர்த்தால் சார்ந்திருக்கும் மாட்யூல்களும் கட்டப்படும்.

இப்போது வேரில் இருந்து மேவன் ராப்பரைக் கிளீன், பேக்கேஜ் இரண்டோடும் ஓட்டுங்கள். முடிந்ததும் ஜாரைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஜேடிகேயோடு வரும் ஜார் கருவியில் டிஎஃப் என்று கேட்டால் பட்டியல் வரும். சர்வர் ஜாருக்குள் பூட்-இன்ஃப்/லிப் கோப்புறையில் உங்கள் யூஐ ஜார் இருக்க வேண்டும். யூஐ ஜாரைப் பட்டியலிட்டால் மெட்டா-இன்ஃப்/ரிசோர்சஸ்/இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல், அதன் கீழே அசெட்ஸ் கோப்புறையில் இண்டெக்ஸ் என்று தொடங்கி, ஒரு கோடும் எட்டெழுத்து ஹேஷும் ஒட்டிய ஜேஎஸ், சிஎஸ்எஸ் கோப்புகள் தெரியும். ஒரே பெயரில் இரண்டு ஹேஷ்கள் கண்ணில் பட்டால் சற்று நின்று பாருங்கள்: உள்ளே வேறு துண்டாகவும் இருக்கலாம், காலி செய்யப்படாத பழைய கோப்பாகவும் இருக்கலாம்.

ஓட்டினால் முகப்பு வரும். உள்ளே ஓர் இணைப்பைச் சொடுக்கி, அந்தப் பக்கத்தில் ரிஃப்ரெஷ் அழுத்தினால் 404 வரும். வ்யூ ரூட்டர் ஹிஸ்டரி முறையில் இருக்கும்போது அந்த முகவரி உலாவிக்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறது. சர்வருக்கு அப்படி ஒரு கோப்பு தெரியாது. இதற்கென்று பரவலாகச் சுற்றும் பழைய தீர்வு ஒன்று உண்டு: நடுவில் இரட்டை நட்சத்திரம் வைத்த பாதையை ஒரு கன்ட்ரோலரில் எழுதி இண்டெக்ஸுக்குத் திருப்புவது. ஸ்பிரிங் பூட் 2.6 முதல் பாத்பேட்டர்ன்பார்சரே இயல்பானது. அது நடுவில் இரட்டை நட்சத்திரத்தை ஏற்காததால், செயலி தொடங்கும்போதே விழும்.

அதைவிடத் தெளிவான வழி, வெப்எம்விசி கான்ஃபிகரரில் எல்லாப் பாதைகளுக்குமான ஒரு ரிசோர்ஸ் ஹேண்ட்லரைச் சேர்த்து, பாத்ரிசோர்ஸ்ரிசால்வர் வகுப்பை நீட்டித்து கெட்ரிசோர்ஸ் முறையை மாற்றி எழுதுவது. தர்க்கம் எளிது. கேட்ட கோப்பு இருந்தால் அதையே கொடு. பாதை ஏபிஐ என்று தொடங்கினாலோ, கடைசிப் பகுதியில் புள்ளி இருந்தாலோ வெறுமை கொடு, 404 போகட்டும். மற்ற எதற்கும் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லைக் கொடு.

புள்ளி பற்றிய அந்த விதியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். விட்டால், இல்லாத ஜேஎஸ் கோப்பைக் கேட்கும் உலாவிக்கும் 200 என்ற விடையோடு ஹெச்டிஎம்எல் பக்கம் போய்ச் சேரும். திரை வெள்ளையாக நிற்கும். கன்சோலில், மாட்யூல் ஸ்கிரிப்டை எதிர்பார்த்த இடத்தில் டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் வகை வந்ததாக ஒரு பிழை இருக்கும். உண்மையில் நடந்தது 404 என்பதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

கேஷ் அமைப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். அசெட்ஸ் கோப்புறைக்குத் தனி ஹேண்ட்லர் வைத்து ஓராண்டு, அதாவது 31536000 விநாடி தாருங்கள். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறிவிடும் என்பதால் பயமில்லை. மற்ற பாதைகளுக்கு நோ-கேஷ். அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸில் ஒரே வரியில் கேஷ் காலத்தை நீட்டும் அமைப்பு இருக்கிறதே என்று தோன்றும், அது இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லுக்கும் பொருந்திவிடும், புதிய வெளியீடு பயனரைப் போய்ச் சேராது.

அன்றாட வேலைக்கு இந்தப் பிளகின் வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு மேவன் பேக்கேஜுக்காகக் காத்திருப்பவர் இந்த ஏற்பாட்டைச் சபிக்காமல் இருக்க மாட்டார். பிளகின் வெளியீட்டுக்கானது. நிரல் எழுதும் நேரத்தில் ஸ்பிரிங் பூட்டை 8080 போர்ட்டில் ஓட்டுங்கள், வீட்டின் டெவ் சர்வரை 5173-இல் ஓட்டுங்கள். வீட் கான்ஃபிக்கின் சர்வர் பகுதியில் ப்ராக்ஸி என்ற இடத்தில், ஏபிஐ என்று தொடங்கும் கோரிக்கைகளை 8080-க்குத் திருப்பிவிடுங்கள். உலாவிக்கு எல்லாம் ஒரே முகவரியில் இருந்து வருவதாகத் தெரியும்; வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளை அனுமதிக்கும் கோர்ஸ் அமைப்பு எதுவும் தேவைப்படாது. வ்யூ நிரலிலும் ஏபிஐ முகவரி, சர்வர் பெயர் இல்லாத வெறும் பாதையாகவே இருக்கட்டும்.

அந்தக் கடைசி வரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்_ என்று தொடங்கும் சூழல் மாறிகள் கட்டும் நேரத்திலேயே ஜேஎஸ் கோப்புக்குள் எழுத்துக்கு எழுத்து பதிந்துவிடும். சர்வர் முகவரியை அப்படிப் பதித்தால் சோதனைச் சூழலுக்கு ஒரு ஜார், உண்மைச் சூழலுக்கு ஒரு ஜார் என்று கட்ட வேண்டிவரும். கடவுச்சொல்லையோ ரகசிய விசையையோ பதித்தால் உலாவியைத் திறக்கத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம்.

அடிக்கடி வரும் சில தொல்லைகள்

ஒருவருடைய கணினியில் ஓடுகிறது, லினக்ஸ் பில்ட் சர்வரில் ரோலப்பின் லினக்ஸ் மாட்யூலைக் காணவில்லை என்று நிற்கிறது. வீட் உள்ளே பயன்படுத்தும் ரோலப், இஎஸ்பில்ட் போன்றவை இயங்குதளத்துக்கு ஒன்றாகப் பைனரிகளை விருப்பச் சார்புகளாக வைத்திருக்கின்றன. நோட்_மாட்யூல்ஸ் ஏற்கெனவே இருந்த கணினியில் லாக் கோப்பு புதிதாக உருவாகும்போது, என்பிஎம் சில சமயம் அந்தக் கணினிக்கானதை மட்டும் பதிந்துவிடுகிறது. நோட்_மாட்யூல்ஸ், லாக் கோப்பு இரண்டையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்து, புதிய லாக் கோப்பைக் கமிட் செய்தால் தீரும். பிற சார்புகளின் பதிப்பும் இதில் நகரும் என்பதால் கமிட்டுக்கு முன் மாற்றங்களைப் படித்துப் பாருங்கள்.

ஆல்பைன் டாக்கர் படிமத்தில் நோட் தொடங்க மறுத்தால் காரணம் சி நூலகமாக இருக்கலாம். நோட் அதிகாரபூர்வமாக வெளியிடும் லினக்ஸ் பைனரிகள் ஜிலிப்சியை எதிர்பார்க்கின்றன. ஆல்பைனில் இருப்பது மசல். கட்டும் நிலைக்கு மட்டும் டெபியன் வழிப் படிமத்தைப் பயன்படுத்துங்கள். ஜாரை ஓட்டும் படிமம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பெரிய திட்டத்தில் ஹீப் நினைவகம் தீர்ந்தது என்று நோட் விழுந்தால், பில்ட் எக்ஸிக்யூஷனின் என்விரான்மென்ட்வேரியபிள்ஸ் பகுதியில் நோட்_ஆப்ஷன்ஸ் மாறிக்கு மேக்ஸ்-ஓல்டு-ஸ்பேஸ்-சைஸ் 4096 என்று தாருங்கள். மேவனின் ஜேவிஎம் நினைவகத்தைக் கூட்டிப் பயனில்லை. இது வேறு ப்ராசஸ்.

நிறுவன வலையமைப்புக்குள் இருப்பவர்களுக்கு: மேவனின் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்லில் உள்ள ப்ராக்ஸியைப் பிளகின் தானே படித்துக்கொள்கிறது. நோட்டை உள் மிரரில் இருந்து இறக்க நோட்டவுன்லோட்ரூட் என்ற அமைப்பு உண்டு. என்பிஎம் ரெஜிஸ்ட்ரியை .என்பிஎம்ஆர்சி கோப்பில் மாற்றுங்கள்.

பில்ட் சர்வரில் வேகம் வேண்டுமென்றால் எம்2 களஞ்சியத்தையும் என்பிஎம்மின் கேஷ் கோப்புறையையும் சேமித்துவையுங்கள். நோட்_மாட்யூல்ஸைச் சேமிப்பதில் பொருளில்லை, சிஐ அதை எப்படியும் அழித்துவிடும்.

செயலி வேரில் அல்லாமல் ஓர் உட்பாதையில் ஓடுகிறது என்றால், ஸ்பிரிங்கின் கான்டெக்ஸ்ட்-பாத் மதிப்பையே வீட்டின் பேஸ் அமைப்பிலும், முன்னும் பின்னும் சாய்கோட்டோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் இண்டெக்ஸ் வரும், அசெட்ஸ் வராது. வ்யூ ரூட்டரின் ஹிஸ்டரி ஃபங்ஷனுக்கும் அதே மதிப்பைத் தாருங்கள்.

புதிய பதிப்பை வெளியிட்ட பிறகு, பழைய தாவலைத் திறந்தே வைத்திருந்த பயனர் ஒரு மெனுவைச் சொடுக்கினால், பழைய ஹேஷ் கொண்ட துண்டைச் சர்வரிடம் கேட்பார். அது இப்போது இல்லை. வீட் இதற்கென்றே வீட்:ப்ரீலோட்எரர் என்ற நிகழ்வை விண்டோவில் எழுப்புகிறது. மெயின் கோப்பில் அதைக் கேட்டு, பக்கத்தை ஒருமுறை மறுஏற்றம் செய்தால் போதும். மறுஏற்றம் செய்ததை செஷன் சேமிப்பில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், உண்மையாகவே கோப்பு காணாமல் போன நாளில் பக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.